அம்மாவை யாரும் சோம்பேறின்னு சொல்ல வேண்டாம்

எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல ஒரு வீடியோ வந்துச்சு. ஜிம் டிரெய்னர் ஒருத்தர் கேமராவைப் பாத்துக் கத்துறார். காலையில அஞ்சு மணிக்கு எழுந்து ஓடாதவன் எதையும் சாதிக்க மாட்டானாம். மத்ததெல்லாம் சாக்காம். பின்னாடி டமடமன்னு மியூசிக் வேற.

அனுப்பினது சித்தப்பா. கீழ ஒரு வரி: "அண்ணி, இது உங்களுக்குத்தான்."

அண்ணின்னா எங்கம்மா.

எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வந்துச்சு. அம்மாவுக்கு சுகர் இருக்கு, டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார், பார்க்குக்கு வரமாட்டேங்குறாங்க. இவ்வளவுதான் விஷயம். அதுக்குள்ள "சோம்பேறி" பட்டம், அதுவும் முப்பது பேர் இருக்கிற குரூப்ல. விடியறதுக்கு முன்னாடி எழுந்து ராத்திரி கடைசியா படுக்கிற பொம்பளைக்கு அந்தப் பேரு!

இந்த விஷயத்தைப் பத்தி நான் ரொம்ப நாளா படிச்சுக்கிட்டு இருக்கேன். ஒருத்தரோட சுபாவத்துக்கும் அவங்க உடம்பை அசைக்கிறதுக்கும் என்ன சம்பந்தம்? சின்ன வயசுல ஒரு மாதிரி, வயசானா ஒரு மாதிரி மாறுதா? இதுக்குன்னே ஆராய்ச்சி பண்றவங்க இருக்காங்க. அவங்க சொல்றதையும் எங்க வீட்ல நடந்ததையும் சேர்த்து எழுதுறேன். கொஞ்சம் நீளம்தான், காபி போட்டுட்டு வாங்க.

மொதல்ல சுபாவம்னா என்னன்னு பாத்துடலாம்.

1936-ல ஆல்போர்ட், ஆட்பெர்ட்னு ரெண்டு அமெரிக்க உளவியல்காரங்க இங்கிலீஷ் டிக்‌ஷனரியைப் பக்கம் பக்கமா புரட்டி, மனுஷங்களை விவரிக்கிற வார்த்தையெல்லாம் பொறுக்கி எடுத்தாங்க. கிட்டத்தட்ட 18,000 தேறுச்சு! அதுக்கப்புறம் பல பேர் பல வருஷம் அதைச் சலிச்சுச் சலிச்சு கடைசியில அஞ்சு குணத்துல கொண்டுவந்து நிறுத்தினாங்க. கலகலப்பு. பொறுப்பு. பதட்டம். புதுசைத் தேடுறது. இணங்கிப் போறது. இந்த அஞ்சும் எல்லார்கிட்டயும் இருக்கு, அளவுதான் ஆளுக்கு ஆள் மாறும்.

இதுல எது உள்ளவங்க அதிகமா ஓடியாடுறாங்க?

2006-ல ரோட்ஸ், ஸ்மித்னு ரெண்டு பேர் அதுவரைக்கும் வந்த ஆய்வுகளை ஒண்ணா சேர்த்துப் பாத்தாங்க. கலகலப்பானவங்களும் பொறுப்பானவங்களும் கொஞ்சம் அதிகமா உடற்பயிற்சி பண்றாங்க, பதட்டக்காரங்க கொஞ்சம் குறைவா பண்றாங்கன்னு வந்துச்சு. 2015-ல வில்சன், டிஷ்மன்னு ரெண்டு பேர் இன்னும் பெரிசா, 64 ஆய்வு, 88,400 பேரை வெச்சுப் பாத்தாங்க. திசை அதேதான். ஆனா அளவு பாதியா சுருங்கிடுச்சு.

எவ்வளவுன்னா, ஆளுக்கு ஆள் உடம்பை அசைக்கிறதுல இருக்கிற வித்தியாசத்தை நூறு பங்கா பிரிச்சா, கலகலப்பு ஒரு பங்கை விளக்குது. பொறுப்பு இன்னொரு பங்கு. பதட்டம் அரைப் பங்கு. அவ்வளவே!

இந்த இடத்தைத்தான் நான் எல்லார்கிட்டயும் அழுத்திச் சொல்றேன். "என் சுபாவமே இப்படி, எனக்கு எக்சர்சைஸ் ஒத்து வராது"ன்னு யாரும் முடிவு கட்ட வேண்டாம், அந்த ஒரு பங்குக்கு அவ்வளவு சக்தி கிடையாது. அதே மாதிரி நடக்காத ஒருத்தரைப் பாத்து "பொறுப்பில்லாத ஆளு"ன்னு குணத்துக்கு மார்க் போடவும் யாருக்கும் உரிமை இல்ல. மிச்சம் இருக்கிற பங்கெல்லாம் எங்க இருக்கு? நேரத்துல இருக்கு. காசுல, முட்டி வலியில, தெருவுல நடக்க இடம் இருக்கா இல்லையாங்கிறதுல இருக்கு.

உலக சுகாதார நிறுவனத்தோட சேர்ந்து பண்ணின ஒரு பெரிய கணக்கு 2024-ல லான்செட் குளோபல் ஹெல்த் இதழ்ல வந்துச்சு. வாரத்துக்கு 150 நிமிஷம் மிதமான அசைவுகூட இல்லாத பெரியவங்க உலகத்துல 31 சதவீதம். இந்தியாவுல கிட்டத்தட்ட பாதிப் பேர். அதுலயும் ஆம்பளைங்க 42, பொம்பளைங்க 57 சதவீதம்.

இந்த 42-க்கும் 57-க்கும் நடுவுல இருக்கிற பள்ளத்துக்கு எந்தக் குணத்தைக் காரணம் சொல்வீங்க? காலையில ஆறு மணிக்கு பார்க்ல யார் இருக்காங்க, அடுப்படியில யார் இருக்காங்கன்னு ஒரு நாள் எட்டிப் பாத்தா தெரிஞ்சுடும். சுபாவத்தைப் பத்திப் பேசுறதுக்கு முன்னாடி அந்த வீட்டுக் காபியை யார் போடுறாங்கன்னு கேக்கணும். (சித்தி போடுற காபியைக் குடிச்சுட்டுத்தான் சித்தப்பா வாக்கிங் போறார்.)

சரி, இப்போ லண்டன் பஸ் கதை. எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை இது.

ஜெரி மாரிஸ்னு ஒரு டாக்டர். உடம்பு அசையுறதுக்கும் இதயத்துக்கும் தொடர்பு இருக்குன்னு மொதமொதல்ல கணக்குப் போட்டு நிரூபிச்சவங்கள்ல முக்கியமானவர். லண்டன் மாடி பஸ்ல டிரைவர் நாள் பூரா உட்கார்ந்தே இருப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க மேல கீழன்னு ஒரு நாளைக்கு சுமார் அறுநூறு படி ஏறுவார். ஊர் ஒண்ணு, கம்பெனி ஒண்ணு, சம்பளமும் ஏறக்குறைய ஒண்ணு. சுமார் 31,000 ஊழியர்களோட உடல்நிலையைப் பாத்ததுல, கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு, வந்தாலும் டிரைவர்களுக்கு வர்ற அளவுக்குக் கடுமையா வரலன்னு தெரிஞ்சுச்சு. 1953-ல லான்செட்ல வந்துச்சு. உலகமே திரும்பிப் பாத்துச்சு.

எனக்குப் பிடிச்சது இதுக்கு அப்புறம் அவர் பண்ணினது. மாரிஸ் அதோட நிறுத்தல. "ஒருவேளை டிரைவர் வேலைக்கு வர்ற ஆளே வேற மாதிரி ஆளோ?"ன்னு அவரே அவரைச் சந்தேகப்பட்டார். பஸ் கம்பெனி எல்லாருக்கும் யூனிஃபார்ம் தைச்சுக் கொடுக்கும், அந்த அளவெல்லாம் எழுதி வெச்சிருக்கும். அந்தப் பேன்ட் இடுப்பளவை எடுத்துப் பாத்தார். எல்லா வயசுலயும் டிரைவருக்குத்தான் இடுப்பு பெரிசு. சின்ன வயசு டிரைவர்களுக்கே அப்படித்தான்! 1956-ல அதையும் மறைக்காம லான்செட்லயே எழுதினார். அதாவது படி ஏறினதால மட்டும் கண்டக்டர் ஒல்லி இல்ல. படி ஏறுற வேலைக்கு ஏத்த மாதிரி ஆள்தான் கண்டக்டரா வந்திருக்காங்கன்னும் இருக்கலாம்.

தான் கண்டுபிடிச்சதைத் தானே கேள்வி கேட்டு, தையல்காரர் நோட்டு வரைக்கும் போன மனுஷன் மேல எனக்கு அவ்வளவு மரியாதை. (2009 வரைக்கும் இருந்தார். 99 வயசு.)

இந்தக் கேள்விதான் சுபாவ ஆராய்ச்சியிலயும் நடுநாயகமா உட்கார்ந்திருக்கு. கலகலப்பானவங்க ஓடுறாங்களா, இல்ல ஓடுறவங்க கலகலப்பா ஆகுறாங்களா? அதுக்குக் கடைசியில வர்றேன். இப்போ வீட்டுக்கு வாங்க.

அம்மாவுக்கு டாக்டர் நடக்கச் சொன்னதும் நாங்க எல்லாரும் களத்துல குதிச்சோம். நாங்க இருக்கிறது மயிலாப்பூர், பக்கத்துலயே நாகேஸ்வர ராவ் பார்க். நல்ல நிழல், சுத்தமான பாதை. அம்மாவைக் கூட்டிட்டுப் போனேன். புடவையை இழுத்து இழுத்து விட்டுக்கிட்டே நடந்தாங்க. எதிர்ல யாராவது வந்தா ஓரமா நின்னுடுவாங்க. அவங்க தாண்டிப் போன அப்புறம்தான் திரும்ப நடை. ஒரு சுத்து முடியறதுக்குள்ள முகம் வாடிடுச்சு.

அப்புறம் பக்கத்து வீட்டு மாமியோட வாக்கிங் குரூப்ல சேத்துவிட்டோம். அங்க எல்லாரும் சேர்ந்து கைதட்டி, சத்தமா சிரிச்சு, ஒரே ஆரவாரம். அம்மா வீட்டுக்கு வந்து, "எல்லாரும் என்னையே பாக்குறாங்கடி"ன்னாங்க. யாரும் பாக்கலம்மான்னு நான் ஆயிரம் சொன்னாலும் அம்மாவுக்கு அது உண்மைதான். நெஞ்சு படபடன்னு அடிக்கிறது அவங்களுக்கு, எனக்கு இல்லையே.

தம்பி ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்தான். அதுல இதயத் துடிப்பு, எத்தனை அடி, எல்லாம் தெரியும். அம்மா அதைக் கட்டிக்கிட்டு நம்பர் ஏறுறதைப் பாத்துப் பாத்துப் பயந்து, கழட்டி பீரோவுல வெச்சுட்டாங்க.

ஒரு நாள் சாயங்காலம் காய்ஞ்ச துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனவங்களை ரொம்ப நேரமா காணோம். போய்ப் பாத்தா, தண்ணி டேங்குக்கும் துணிக்கொடிக்கும் நடுவுல எட்டு போட்டு நடந்துக்கிட்டு இருக்காங்க! கையில சின்ன ரேடியோ. பழைய பாட்டு ஓடுது. கால்ல செருப்புகூட இல்ல. பாட்டு முடிஞ்சு விளம்பரம் வந்தா கைப்பிடிச் சுவர்ல சாய்ஞ்சு நின்னுக்கிறாங்க, அடுத்த பாட்டு ஆரம்பிச்சதும் திரும்ப எட்டு. நான் சத்தம் போடாம கீழ இறங்கி வந்துட்டேன். ஏன்னா நான் பாக்குறேன்னு தெரிஞ்சா நிறுத்திடுவாங்க.

அன்னிலேருந்து அம்மா தினமும் நடக்குறாங்க. சுகரும் கட்டுக்குள்ள வந்திருக்கு. யாரும் எதுவும் சொல்றதில்ல, கேக்குறதும் இல்ல.

இதை எழுதுறப்போ எனக்குப் புல்லரிக்குது, ஏன்னா 2025-ல லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ்லேருந்து ஒரு ஆய்வு வந்துச்சு. பிளாமினியா ரோன்காவும் அவங்க குழுவும் பண்ணினது. 132 பேரை எடுத்து, சுபாவத்தை அளந்து, ஒரு பகுதிப் பேருக்கு எட்டு வாரம் வீட்லயே சைக்கிளிங்கும் வெயிட் பயிற்சியும் கொடுத்துப் பாத்தாங்க. 86 பேர் கடைசி வரைக்கும் நின்னாங்க.

கலகலப்பானவங்களுக்கு மூச்சு வாங்குற மாதிரி வேகமான பயிற்சிதான் பிடிச்சுது. பொறுப்பானவங்களும் புதுசைத் தேடுறவங்களும் பிடிக்குதோ பிடிக்கலையோ செஞ்சுக்கிட்டே இருந்தாங்க. பதட்டக்காரங்க? அவங்களுக்குத் தனியா, யாரும் பாக்காம செய்யணும். நடுநடுவுல நிறுத்தி மூச்சு விட்டுக்கணும். இதயத் துடிப்பைப் பதிவு பண்ணுங்கன்னா அவ்வளவா பண்ணமாட்டாங்க.

படிச்சுட்டு பீரோவைத் திறந்து அந்த வாட்ச்சை ஒரு தடவை பாத்தேன்.

இன்னொண்ணு. பயிற்சி முடிஞ்சப்போ மன அழுத்தம் நல்லா குறைஞ்சது யாருக்குத் தெரியுமா? பதட்டக்காரங்களுக்குத்தான்! யார் பயிற்சிக்கு வரத் தயங்குறாங்களோ அவங்களுக்குத்தான் பலன் அதிகம். சின்ன ஆய்வுதான், நாலு இடத்துல திரும்பச் செஞ்சு பாக்கணும். ஆனாலும் எங்க மாடியில நான் கண்ணால பாத்ததோட அப்படியே பொருந்துது.

அப்பா வேற ரகம். ரிட்டயர் ஆன பேங்க் ஆசாமி. நடை பிடிக்குமாப்பான்னு கேட்டா பதிலே வராது, கேள்வியே அவருக்குப் புரியாது. டாக்டர் சொன்னார், நடக்கணும், நடக்குறார். டைரியில தேதி போட்டு எழுதுறார். 2023 நவம்பர்ல தமிழக அரசு "நடப்போம் நலம் பெறுவோம்"னு மாவட்டத்துக்கு ஒரு எட்டு கிலோமீட்டர் நடைபாதை ஆரம்பிச்சாங்களே, அன்னிலேருந்து பெசன்ட் நகர் போய் அதையும் ஒரு கை பாத்துக்கிட்டு இருக்கார். இந்த மாதிரி ஆளுக்கு "எழுந்திரு, ஓடு"ன்னு கத்துற வீடியோ எதுக்கு? ஜுரத்தோட செருப்பை மாட்டுறவரைப் பிடிச்சு உட்கார வைக்கிறதுதான் எங்க வீட்ல பெரும்பாடு. பொறுப்பானவங்க பக்கத்துல "இன்னிக்கு வேண்டாம், படுங்க"ன்னு சொல்ல ஒரு ஆள் வேணும்.

என் பொண்ணு எட்டாவது படிக்கிறா. அமைதியான புள்ள.

அவ ஸ்கூல்ல பி.டி. பீரியட்ல ரெண்டு கேப்டன் நின்னு மாத்தி மாத்தி ஆள் எடுப்பாங்க. கடைசியா மிச்சம் நிக்கிறது இவளும் இன்னொரு பொண்ணும். கோ-கோ ஆடுறப்போ சுத்தி எல்லாரும் கத்துவாங்க. இவளுக்குக் கால் ஓடாது. (அந்த பீரியடையும் பரிட்சை நேரத்துல மேத்ஸ் மிஸ் வாங்கிக்குவாங்க. அது தனிக் கொடுமை.) "எனக்கு ஸ்போர்ட்ஸ் வராதும்மா"ன்னு அவளே முடிவு பண்ணிட்டா.

13 வயசுல! இன்னும் அறுபது எழுபது வருஷம் சுமக்க வேண்டிய உடம்பைப் பத்தி ஒரு குழந்தை இப்படி ஒரு தீர்ப்பு எழுதலாமா?

11-லேருந்து 17 வயசுக்குள்ள இருக்கிற பிள்ளைங்கள்ல உலக அளவுல 81 சதவீதம் பேருக்குத் தேவையான அளவு அசைவு இல்ல. பொண்ணுங்க 85, பசங்க 78. ஸ்கூல்ல விளையாட்டுன்னாலே குரூப், கூச்சல், போட்டி. கலகலப்பான பிள்ளைக்கு அது சொர்க்கம். கூச்சப்படுற பிள்ளைக்கு? அதுக்கும் அதே உடம்பு, அதே எலும்பு, அதே இதயம்தானே. அதுக்குன்னு ஒரு மூலையில ஒரு ஸ்கிப்பிங் கயிறு, ஒரு யோகா பாய் போட்டு வைக்க எவ்வளவு செலவாகும்?

நாங்க நீச்சல்ல ஆரம்பிச்சோம், டிரெஸ் மாத்துற இடத்துல கூட்டம்னு நின்னுடுச்சு. பேட்மிண்டன் கோச்சிங், அங்கயும் கத்தல். கடைசியில சிலம்பம். ஒரு கம்பு, சுத்தி காலி இடம், ஆசான் சொல்லிக்கொடுத்த சுவடு. யாரையும் ஜெயிக்க வேண்டாம், கம்பு கை மாறுறப்போ விழாம இருந்தா போதும். இப்போ வீட்ல விளக்குமாத்தைக்கூட அவ கையில கொடுக்க முடியல, சுத்த ஆரம்பிச்சுடுறா. டியூப்லைட்டைக் காப்பாத்துறதே பெரிய வேலை.

இவ இப்படியே கூச்சமா இருந்துடுவாளான்னு கேட்டா, அவசியமில்ல. சுபாவம் கல்லுல எழுதினது இல்ல. பிரென்ட் ராபர்ட்ஸ் குழு 2006-ல 92 குழுக்களைப் பல வருஷம் தொடர்ந்து பாத்த ஆய்வுகளைச் சேர்த்துச் சொன்னாங்க: பொதுவா 20-லேருந்து 40 வயசுக்குள்ள பொறுப்பு கூடுது, பதட்டம் குறையுது. அதனால காலேஜ்ல ஜிம்முக்குப் பணம் கட்டிட்டுப் போகாத பையன் முப்பத்தஞ்சு வயசுல ஒழுங்கா ஓடுறான்னா ஆச்சரியப்பட ஒண்ணுமில்ல. இருபது வயசுல பிடிக்காததை ஐம்பது வயசுல திரும்ப ஒரு தடவை தொட்டுப் பாக்கலாம். அப்போ இருக்கிற நீங்க வேற ஆள்.

இப்போ அந்தப் பழைய கேள்விக்கு வர்றேன். எது முதல்ல?

யானிக் ஸ்டெஃபான், ஏஞ்சலினா சூட்டின், அன்டோனியோ டெராசியானோ. இந்த மூணு பேரும் அமெரிக்காவுல பல வருஷமா நடக்கிற பெரிய கணக்கெடுப்புகளை வெச்சு இதைத் தோண்டிக்கிட்டே இருக்காங்க. 2014-லயும் 2018-லயும் வந்த அவங்க ஆய்வுகள் சொல்றது: உடம்பை அசைக்காம இருக்கிறவங்களுக்கு வருஷம் போகப் போக கலகலப்பு, பொறுப்பு, புதுசைத் தேடுற ஆர்வம் எல்லாம் மத்தவங்களைவிடக் கொஞ்சம் வேகமா குறையுது. இருபது வருஷம் கழிச்சும் அந்தத் தடம் தெரியுது. அளவு சின்னதுதான். காரணம் இதுதான்னு அடிச்சும் சொல்ல முடியாது, உள்ள இருக்கிற ஏதோ நோய்கூட ரெண்டையும் சேர்த்து இழுத்திருக்கலாம். ஆனா பாதை ரெண்டு பக்கமும் போகுதுன்னு நான் நம்புறேன். சுபாவம் நடையை இழுக்குது, நடையும் சுபாவத்தைப் பிடிச்சு வைக்குது.

நம்புறதுக்குக் காரணம் எங்க அத்தை.

மதுரை அண்ணா நகர்ல இருக்காங்க. அத்தை வாயைத் திறந்தா கூடத்துல எல்லாரும் வந்து உட்காருவாங்க, அப்படி ஒரு பேச்சு. மாமா போன அப்புறம், மூட்டு ஆபரேஷனும் ஆகி, வீட்டோட முடங்கிட்டாங்க. போன் பண்ணா "ம்", "சரி", "வெச்சுடவா"தான். பிசியோதெரபிஸ்ட் கொடுத்த பேப்பரைச் சுவர்ல ஒட்டிப் பாத்தோம். தினமும் போன்ல ஞாபகப்படுத்திப் பாத்தோம். தனியா ஒரு ரூம்ல காலைத் தூக்கி இறக்குற வேலை அத்தையோட சுபாவத்துக்கு ஆகவே ஆகாது, ஆள் வேணும் அவங்களுக்கு.

எதிர்வீட்டு அக்காதான் வழி பண்ணினாங்க. காலையில வந்து, "வாங்க, உழவர் சந்தை வரைக்கும் ஒரு நடை"ன்னு கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனாங்க. 1999-ல தமிழ்நாட்டுலயே மொதல்ல ஆரம்பிச்ச உழவர் சந்தை அது, அத்தை வீட்லேருந்து பக்கம். மொதல்ல பாதி வழியில உட்கார்ந்துட்டாங்க. அப்புறம் கொத்தமல்லி வரைக்கும். அப்புறம் கடைசி வரிசை வாழைத்தண்டு வரைக்கும். இப்போ ஒரு கூட்டமே சேர்ந்து போகுது. கத்திரிக்காய்க்கு ஒரு பேரம், அந்த அம்மா பேத்திக்கு என்ன பேரு வெச்சாங்கன்னு ஒரு விசாரிப்பு. திரும்பி வர ஒன்பது மணி ஆகிடுது. நான் காலையில போன் பண்ணா எடுக்குறதே இல்ல.

அடுத்த மாசம் அம்மாவைக் கூட்டிட்டு அங்க போறோம். "அண்ணியையும் சந்தைக்கு இழுத்துட்டுப் போயிடுறேன்"ன்னு அத்தை ஒரே உற்சாகம். வேண்டாம் அத்தை, அம்மாவுக்கு உங்க வீட்டு மாடிச் சாவியை மட்டும் எடுத்து வைங்கன்னு சொல்லியிருக்கேன். அங்க ரேடியோ நல்லா எடுக்குமான்னு அம்மா இப்போவே கேக்குறாங்க.